பாட்டு செட்டுக்கும் கிட்டார் பெட்டிக்கும் நடுவே ஒரு மெகா ஓம்

கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்கிற ஆள் ஒருவராவது கிடைப்பார். வீட்டுக்கு 4440 ஐசி போட்ட சின்ன செட்டு, நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) 5200, 1943 ட்ரான்சிஸ்டர்களை வரிசையாக அடுக்கிய பெரிய செட்டு, எது கேட்டாலும் கட்டித் தருவார்கள். பாட்டு போட்டால் பக்கத்து ஊருக்கே கேட்கும், குறை சொல்ல முடியாது. அதே ஆளிடம் கிட்டாருக்கு ஒரு பெட்டி கேட்டுப் பாருங்கள். சத்தம் வரும், ஆனால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி வரும். அவருடைய கைவேலையில் கோளாறு இல்லை. பென்டிரைவ் பிளேயரிலிருந்து வரும் சிக்னலுக்குப் பழகிய கை அது. கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்துத் தருகிற பிக்கப் வேறு ஜாதி.

இந்தப் பதிவில் இரண்டு பெட்டிகள். ஒன்று ரிப்பேருக்கு வந்தது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிற தம்பி ஒருவருடையது. இன்னொன்று அவருக்காகவே முதலிலிருந்து கட்டியது.

வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், 4440 போர்டு, அதற்கு முன்னால் ஒரு பேஸ்-ட்ரெபிள் போர்டு, காரில் போடுகிற 6 இஞ்ச் ஸ்பீக்கர். குறை மூன்று: சவுண்டு மந்தமாக இருக்கிறது, ஏற்றினால் உடைகிறது, சும்மா இருந்தாலும் உறுமுகிறது.

"ஏனுங்ணா, ஐசி போயிருச்சுங்களா? ரெண்டு மூணு தடவ மாத்தியும் பாத்தாச்சுங்க."

"ஐசி நல்லாத்தான் இருக்குது தம்பி. அத உட்ருங்க."

உறுமலில் ஆரம்பித்தேன். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் உறுமினால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால், அதாவது பவர் சப்ளையிலோ பவர் ஐசி பக்கமோ இருக்கிறது. பூஜ்யத்தில் அடங்கினால் முன்னால். இது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். கிட்டார் கையில் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். நம்முடைய கரண்டு 50 ஹெர்ட்ஸ். டயோடு பிரிட்ஜில் திருத்திய பிறகு ஃபில்டரில் மிஞ்சுவது 100 ஹெர்ட்ஸ். சுருதி சேர்த்த கிட்டாரின் ஆறாம் கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் 98 ஹெர்ட்ஸ் வரும். பெட்டியின் உறுமல் அந்தச் சுரத்தோடு ஏறக்குறைய ஒட்டி, நொடிக்கு இரண்டு தடவை அலையடித்தால் ஃபில்டர் கண்டன்சரைப் பாருங்கள். ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் எர்த் ஒயரிங்கைப் பாருங்கள். ஆஸிலோஸ்கோப் வேண்டியதில்லை.

இந்தப் பெட்டியில் இரண்டுமே இருந்தன. ஃபில்டரில் ஒரே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், அதுவும் மேல்மூடி உப்பி இருந்தது. கண்டன்சர் புதுசாகவே இருந்தாலும் கணக்கு உதைக்கும். பிரிட்ஜ் ஒவ்வொரு 10 மில்லி செகண்டுக்கும் ஒரு தடவைதான் கண்டன்சரை நிரப்புகிறது. நடுவில் ஐசி ஒரு ஆம்பியர் இழுத்தால் 1000 மைக்ரோவில் 10 வோல்ட் வரைக்கும் குழி விழும். 12 வோல்ட் ஏசியைத் திருத்தினால் நமக்குக் கிடைப்பதே 15, 16 வோல்ட்தான். அதில் அவ்வளவு பெரிய குழி விழுந்தால் ஐசி என்ன செய்யும்? சவுண்டு உடைந்ததற்கும் அதுதான் காரணம். 4700 மைக்ரோவில் இரண்டை பேரலலாகப் போட்டதும் குழி ஒரு வோல்ட்டுக்கு இறங்கியது, 100 ஹெர்ட்ஸ் உறுமலும் சவுண்டு உடைவதும் சேர்ந்தே போயின.

50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒயரிங் வேலை. கிட்டார் ஜாக்கின் உடம்பு சேசிஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. போர்டிலிருந்தும் ஒரு கிரவுண்டு ஒயர் தனியாக வேறொரு மூலையில் சேசிஸுக்குப் போயிருந்தது. கிரவுண்டுக்கு இரண்டு வழி இருந்தால் நடுவில் ஒரு வளையம் உண்டாகும். பக்கத்தில் இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸைத் தூண்டிவிடும். ஜாக்குக்கு ஃபைபர் வாஷர் போட்டு சேசிஸிலிருந்து பிரித்தேன். எல்லா கிரவுண்டு ஒயரையும் ஃபில்டர் கண்டன்சரின் மைனஸ் காலில் ஒரே இடத்தில் சேர்த்தேன். அடங்கிவிட்டது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பிளக்கில் இருந்தது. மூன்றாவது பின் இல்லை.

"மேடையில மூணாவது பின் இருந்தா உறுமுதுங்கன்னு சொல்லி ஒடிச்சு உட்டுட்டோமுங்க."

ஊர் ஊராக இந்த வைத்தியம் நடக்கிறது. உறுமல் குறையும் என்பது நிஜம்தான், வளையம் அறுந்துவிடுகிறதே. ஆனால் கிட்டாரின் கம்பிகள், அவற்றைத் தாங்குகிற உலோக பிரிட்ஜ் வழியாகப் பெட்டியின் கிரவுண்டோடு சேர்ந்தவை. ட்ரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றைக்காவது விட்டால் மெயின்ஸ் நேராகக் கம்பிக்கு வரும். எதிரே மைக், அது மிக்சர் வழியாக எர்த் ஆகியிருக்கும். கை கம்பியில், உதடு மைக்கில். நோம்பி மேடையில் ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில் யாரும் எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை. எனவே மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த் ஒயருக்கு லக் வைத்து, அதற்கென்றே ஒரு போல்ட்டில் சேசிஸோடு இறுக்கினேன். சிக்னல் கிரவுண்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், அதோடு பேரலலாக 0.1 மைக்ரோ கண்டன்சர், எதிரெதிர் திசையில் இரண்டு 5408 டயோடு. சாதாரண நேரத்தில் அந்த 10 ஓம் வளையத்தை அடக்கி வைக்கும். கோளாறு வந்தால் டயோடுகள் பாரத்தை எடுத்து ஃபியூஸைப் போக்கும். பின்னை ஒடிப்பதற்கு ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம் மந்தம். தலைப்பில் உள்ள மெகா ஓம் இங்கேதான் வருகிறது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. மல்டிமீட்டரில் 6 முதல் 8 கிலோ ஓம் காட்டும். அதைப் பார்த்தால் யாருக்குமே முன்னால் இருக்கிற போர்டின் உள்ளீட்டுத் தடை 47 கே (கிலோ ஓம்) இருந்தால் தாராளம் என்றுதான் தோன்றும். மீட்டர் காட்டுவது டிசி அளவு. சிங்கிள் காயில் பிக்கப் ஒன்றின் இண்டக்டன்ஸ் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 4000 ஹெர்ட்ஸில் அதுவே 63 கிலோ ஓம் தடையாகிவிடும். எதிரே 47 கே பாரம் இருந்தால் 3000 ஹெர்ட்ஸைத் தாண்டும்போதே சிக்னல் சரிய ஆரம்பிக்கும். உள்ளீடு 1 மெகா ஓமாக இருந்தால் கதையே வேறு. பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து அதே வட்டாரத்தில் ஒரு மேட்டை எழுப்பும். நாம் எலெக்ட்ரிக் கிட்டார் என்று அடையாளம் கண்டுகொள்கிற குரலில் பாதி அந்த மேட்டில்தான் இருக்கிறது. அது பிக்கப்பிலேயே அமுங்கிப்போன பிறகு ட்ரெபிளைத் திருகினால் இரைச்சல்தான் கூடும்.

சிங்கிள் சப்ளை என்பதால் ஒரு ஃபெட் பஃபர், அதாவது பிக்கப்புக்குப் பாரம் கொடுக்காமல் சிக்னலை வாங்கிக் கடத்துகிற ஒற்றை ட்ரான்சிஸ்டர் சர்க்யூட், போதும் என்று முடிவு செய்தேன். கைக்குக் கிடைத்தது பிஎஃப்டபிள்யூ10. கொங்கு நாட்டில் தடுக்கி விழுந்தால் இன்ஜினியரிங் காலேஜ். அங்கே லேபில் ஃபெட் கேரக்டரிஸ்டிக்ஸ் வரைந்த யாருக்கும் இந்த நாலு கால் உலோகத் தொப்பியைத் தெரிந்திருக்கும். கேட், சோர்ஸ், ட்ரெயின் போக நாலாவது கால் தொப்பியோடு சேர்ந்தது, அதைக் கிரவுண்டு செய்ய வேண்டும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம், சோர்ஸிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கே, ட்ரெயினுக்கு 100 ஓம் வழியாக சப்ளை, அந்த இடத்திலேயே ஒரு 100 மைக்ரோ கண்டன்சர். சோர்ஸிலிருந்து 1 மைக்ரோ வழியாகப் பழைய போர்டுக்கு. பவர் போட்டதும் சோர்ஸில் 3 வோல்ட் சுமார் வந்தால் சரி. ஃபெட்டுக்கு ஃபெட் இது மாறும், கவலைப்பட வேண்டாம். முழு வேலையும் தபால்தலை அளவு பொத்தல் போர்டில் முடிந்தது.

தம்பி வாசித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஸ்பீக்கர் மாத்திட்டீங்களாங்ணா?"

ஒன்று மட்டும் போகவில்லை. நான் இருப்பது சோமனூர் பக்கம். சுற்றிலும் விசைத்தறி. பகலில் கிட்டாரைக் கையில் எடுத்தாலே ஒரு ரீங்காரம். கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றினால் ஒரு திசையில் அது ஏறும், இன்னொரு திசையில் இறங்கும். அப்படித் திசைக்குத் திசை மாறினால் பிக்கப் வாங்குகிறது என்று அர்த்தம், பெட்டியைக் குடையாதீர்கள். கிட்டாரின் உள்குழியில் செப்புத் தகடு ஒட்டினால் கரகரப்பு குறையும். மோட்டாரின் காந்தப்புலம் தகட்டுக்கெல்லாம் நிற்காது. ஹம்பக்கர் பிக்கப் (இரண்டு காயில் சேர்ந்து ரீங்காரத்தை அடித்துவிடுகிற வகை) போட்டால்தான் அதற்கு விடிவு.

சரி, இரண்டாவது பெட்டி. ரிப்பேரான பெட்டி வீட்டில் பழகப் போதும், மேடையில் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் எடுபடாது.

பவர் ஐசிக்கு எல்லோரும் கை நீட்டுவது டிடிஏ2030. நல்ல ஐசிதான், ஆனால் அதன் சப்ளை எல்லை பிளஸ் மைனஸ் 18 வோல்ட். கிராமத்து லைனில் பம்புசெட்டுகள் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 200-க்குக் கீழே படுத்துவிடும், ராத்திரி எல்லாம் நின்றதும் 250-க்கு எகிறும். 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டாலே, பாரம் இல்லாத ராத்திரியில் டிசி 18-ஐத் தாண்டிப் போக வாய்ப்பு உண்டு. "ஒண்ணுமே பண்ணலீங்க, சும்மா இருந்துச்சு, போயிருச்சு" என்று வருகிற 2030 பெட்டிகளில் பலவற்றின் கதை இதுதான் என்பது என் கணிப்பு. எனவே எல்எம்1875. அது மொத்தம் 60 வோல்ட், அதாவது பிளஸ் மைனஸ் 30 வரைக்கும் தாங்கும். 15-0-15 கொடுத்தால் சாதாரணமாக 20 வோல்ட் பக்கம் நிற்கும், 8 ஓம் ஸ்பீக்கரில் 18 வாட் சுமார் வரும். ராத்திரி எகிறினாலும் பயம் இல்லை.

ட்ரான்ஸ்ஃபார்மரைக் கடையில் வாங்காமல் கட்டச் சொன்னேன். கோயம்புத்தூர் பம்பு, மோட்டார் செய்கிற ஊர். காயில் கட்டுகிற கடை இல்லாத சின்ன டவுனே இந்த வட்டாரத்தில் கிடையாது. செப்புக் கம்பி, லெதராய்டு பேப்பர், வார்னிஷ் எல்லாம் அங்கேயே இருக்கும்.

"எத்தன வோல்ட்டு, எத்தன ஆம்ப்ஸுன்னு மட்டும் சொல்லுங்க கண்ணு. சுத்தறது எஞ்சோலி."

15-0-15, 3 ஆம்பியர் என்றால் 90 விஏ (வோல்ட்-ஆம்பியர்). கோரின் நடுக்கால் 10.5 சதுர சென்டிமீட்டர் எடுத்தோம். 50 ஹெர்ட்ஸுக்கு வழக்கமான கணக்கு, 45-ஐ அந்தப் பரப்பால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று வரும். இங்கே 4.3. காயில் கட்டுகிற பெரியவர் நாலு போதும் என்றார், கம்பி மிச்சம். நான் ஐந்துதான் வேண்டும் என்று நின்றேன். 250 வோல்ட்டிலும் கோர் நிரம்பாமல் இருந்தால்தான் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமாது, காந்தக் கசிவும் குறையும். பிரைமரி 26 கேஜில் 1150 சுற்று. செகண்டரி 18 கேஜில் பக்கத்துக்கு 79, பாரத்தில் இறங்குவதற்காக 75-க்கு மேலே நாலு கூடுதல். இரண்டுக்கும் நடுவில் செப்புத் தகடு ஒரு சுற்று, அதிலிருந்து ஒரு ஒயர் எர்த்துக்கு. தறி மோட்டார்கள் ஆன், ஆஃப் ஆகும்போது லைனில் வருகிற குத்தல்களை அது தடுக்கும். தகட்டின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவில் பேப்பர் வைக்க வேண்டும். தொட்டால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்று, ட்ரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். பெரியவருக்குத் தகடு புதுசு. தொடக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

முன்பக்கத்துக்கு டிஎல்072, இரண்டு ஆப்-ஆம்ப் கொண்ட ஐசி. உள்ளே ஃபெட் இருப்பதால் 1 மெகா ஓமை நேராக வைக்கலாம். 7812, 7912 ரெகுலேட்டர்கள் மூலம் அதற்குத் தனியாக பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை. முதல் பாதி 11 மடங்கு பெருக்கும், இரண்டாவது பாதி டோன் கண்ட்ரோலுக்கு. உள்ளே நுழைகிற இடத்தில் 10 கே ரெசிஸ்டரும் 100 பிகோ கண்டன்சரும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் செல்ஃபோனின் கொரகொரப்பும் சேர்ந்து வாசிக்கும். பாட்டு செட்டுக்காரர்களின் பேஸ்-ட்ரெபிள் போர்டில் இருக்கிற 4558 ஐசியை ஏளனமாக நினைக்க வேண்டாம். ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்று உலகம் கொண்டாடுகிற டிஸ்டார்ஷன் பெடலின் நெஞ்சில் இருந்ததும் அதே 4558 குடும்பம்தான். ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே எதிரெதிராக இரண்டு 4148 டயோடு வைத்து ஒரு சுவிட்ச் போட்டால், தம்பி கேட்ட அழுக்குச் சவுண்டு வந்துவிட்டது.

1875-ல் இரண்டு விஷயம் தவறக் கூடாது. பெருக்கம் 10 மடங்குக்குக் குறைந்தால் அது தானாகவே அதிரத் தொடங்கும், காதுக்குக் கேட்காது, ஹீட் சிங்க் மட்டும் சும்மாவே கொதிக்கும். 22 கே, 1 கே வைத்து 23 மடங்கில் நிறுத்தினேன். அவுட்புட்டில் 1 ஓம், 0.22 மைக்ரோ சேர்த்து கிரவுண்டுக்கு. சப்ளை கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோ. இரண்டாவது, ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா ஷீட், ஒயிட் பேஸ்ட், ஸ்க்ரூவுக்கு புஷ் எல்லாம் போட்ட பிறகு, தகட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் மீட்டரை வைத்து ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பவர்.

ஸ்பீக்கர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. வாட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள், சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 88 டெசிபல் ஊஃபருக்கும் 98 டெசிபல் பேப்பர் கோன் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட். 18 வாட்டைப் பின்னதில் கொடுத்தால் முன்னதில் 180 வாட் கொடுத்த சத்தம். ரப்பர் விளிம்பு போட்ட ஊஃபர் கிட்டாருக்கு ஆகாது. ட்வீட்டர் வேண்டவே வேண்டாம். டிஸ்டார்ஷன் போட்டதும் ஈ மொய்க்கிற சத்தத்தை அதுதான் வெளியே தள்ளும். கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே அடங்கிவிடுவது குறை கிடையாது, நமக்கு வேண்டியதே அதுதான். ஈரோட்டில் சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவரிடம் பழைய 12 இஞ்ச் ஸ்பீக்கர் கிடைத்தது, விளிம்பு வரைக்கும் பேப்பர், காயில் கருகியது. கோன் மாற்றுகிற கடையில் கொடுத்து அதே மாதிரி பேப்பர் விளிம்புக் கோனும் புது வாய்ஸ் காயிலும் போட்டு வாங்கினோம்.

பெட்டி 12 மில்லிமீட்டர் பிளைவுட், பின்பக்கம் பாதி திறப்பு. மேலே ஒட்டிய ரெக்சினும் மூலைக்கு அடித்த அலுமினிய பீடிங்கும் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைக்குப் பொருள் கொடுக்கும் கடையில் வாங்கியவை. பஸ் சீட்டுக்குத் தாங்குகிற ரெக்சின் ஆர்க்கெஸ்ட்ரா வேனுக்கும் தாங்கும். முன்பக்கத் துணிக்குத் தம்பியின் ஆசை பவானி ஜமக்காளம். பார்க்க அருமையாகத்தான் இருந்தது, ஆனால் நெசவு அடர்த்தி, மேல் சுரங்களைக் குடித்துவிட்டது. திருப்பூர் கம்பெனியில் விளையாட்டு பனியனுக்கு வெட்டி மிஞ்சிய மெஷ் துணியை இழுத்துக் கட்டியதும் குரல் திரும்பியது. ஜமக்காளத்தைப் பெட்டிக்கு உறையாகத் தைத்துக்கொண்டார்.

முதல் தடவை பவர் போடும்போது மெயின்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரிஸாக வைத்தேன். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, ஃபில்டர் கண்டன்சர்கள் நிரம்பியதும் மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். மங்கியது. ஸ்பீக்கர் இல்லாமலே அவுட்புட்டில் டிசி பார்த்தேன், சில மில்லிவோல்ட்தான். அதன் பிறகுதான் ஸ்பீக்கர்.

இதைப் பார்த்துவிட்டு ஒருவர், வீட்டில் இருக்கிற பழைய வால்வு ரேடியோவைக் கிட்டார் ஆம்ப்பாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியும். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பெங்களூரில் செய்த வால்வுகள் பழைய செட்டுகளில் இன்னமும் கிடைக்கின்றன. ஆனால் வால்வுகளின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால் அந்த செட்டில் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் இருக்கலாம், சேசிஸ் நேராகக் கரண்டோடு சேர்ந்திருக்கும். அதில் கிட்டாரைச் சொருகவே கூடாது. ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டிலும் அணைத்த பிறகு கண்டன்சரில் 250, 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும். வால்வின் குரல் எனக்கும் பிடிக்கும். பழக்கம் இல்லாதவர்கள் 1875-லேயே இருங்கள்.

பெட்டி இப்போது கோபியில் ஓடுகிறது. மாரியம்மன் நோம்பி சீசனுக்குள் எக்கோ வேண்டுமாம். கரோக்கி செட்டுக்குப் போடுகிற பிடி2399 போர்டு கடையில் கிடைக்கிறது. அதற்கு 5 வோல்ட் வேண்டும். 20-லிருந்து நேராக 7805-க்குக் கொடுத்தால் சுடும், எனவே 12-லிருந்து எடுக்கப் போகிறேன். எக்கோ நேரத்தை நீட்ட நீட்ட அந்த ஐசியின் இரைச்சல் ஏறும். அதனால் கிட்டார் சிக்னலை அதன் வழியாகவே அனுப்பாமல், மூலக்குரல் நேராகப் போய், எக்கோ மட்டும் பக்கத்தில் வந்து கலக்கிற மாதிரி ஒயரிங். கண்ட்ரோலுக்குப் பேனலில் ஓட்டை ஏற்கெனவே போட்டாயிற்று.